மிளகு எலி சொல்லும் காட்டுக் கணக்கு

கொச்சி: மட்டாஞ்சேரி பஜார் சாலையின் பழைய கிட்டங்கிகளில் எலி என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். சாக்கைக் கடித்துச் சரக்கைப் பாழாக்கும் பகை. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளம் வடிந்தபின் கேரளம் எங்கும் எலிக்காய்ச்சல் பரவிப் பல உயிர்களைப் பறித்தபோது அந்தப் பகைமை மேலும் ஆழமானது. ஆனால் இந்தக் கிட்டங்கிகளுக்கு மிளகும் ஏலமும் வந்து சேரும் மலைகளில் வேறு வகை எலி ஒன்று வாழ்கிறது. அது வீட்டுக்குள் வருவதில்லை, கிட்டங்கியை அறியாது. தரையில் இறங்குவதும் அரிது. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் அது இல்லை.

19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மலைப்பகுதியில் பணியாற்றிய ஹென்றி பேக்கர் என்ற கிறித்தவ சமயப் பணியாளர், இந்த எலி முற்றிய மிளகைத் தின்று அழிக்கிறது என்றும் பலா, ஆஞ்சிலிப் பழங்களை விட்டுவைப்பதில்லை என்றும் எழுதி வைத்தார். அதன்பின் ஆங்கில நூல்களில் 'மிளகு எலி' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. 1859இல் எட்வர்ட் பிளைத் அதற்குப் பிளாட்டகாந்தோமிஸ் லாசியூரஸ் என்று அறிவியல் பெயர் சூட்டினார். உடல் சுமார் 13 செ.மீ. நீளம். முதுகில் மென்மயிருக்கிடையே தட்டையான முட்கள். வால் நுனியில் தூரிகை போன்ற மயிர்க்கற்றை. அதன் பேரினத்தில் இன்று அது ஒன்றே எஞ்சியிருக்கிறது.

மிளகு வணிகத்தின் பகைவன் என்று பெயரெடுத்த இந்தச் சிற்றுயிரைப் பற்றி அடுத்த ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எவரும் பெரிதாக ஆராயவில்லை. 1990களில்தான் முனைவர் பட்டத்துக்காகக் காட்டுக்குள் சென்ற இளைஞர்கள் பொறிகளோடு அதனைத் தேடத் தொடங்கினர். அவர்கள் கண்டறிந்தவை, காட்டை அரசு எப்படி அளக்கிறது, எப்படி நிர்வகிக்கிறது என்ற கேள்வியையே புரட்டிப் போடுகின்றன.

களக்காட்டில் பொறி

நெல்லை மாவட்டத்தின் களக்காடு, முண்டந்துறை சரணாலயங்களை இணைத்து 1988இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் அமைந்தது. கோவையில் உள்ள சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தின் மாணவியாக இருந்த திவ்யா முடப்பா, 1990களின் பிற்பகுதியில் இங்குள்ள மழைக்காடுகளில் பழுப்பு மரநாயைப் பற்றி ஆராய்ந்தார். அதோடு சேர்த்து எலி, மூஞ்சூறு போன்ற சிறு பாலூட்டிகளையும் கணக்கெடுத்தார். அஜித் குமார், ரவி செல்லம் ஆகியோருடன் அவர் எழுதிய மிளகு எலி பற்றிய கட்டுரை 2001இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளிவந்தது.

ஆராய்ச்சி முறை எளிது, உழைப்புதான் கடினம். மடக்கி எடுத்துச் செல்லக்கூடிய தகரப் பெட்டிப் பொறிகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் வரிசையாக வைக்க வேண்டும். சில தரையில், சில மரக்கிளைகளிலும் கொடிகளிலும். மாலையில் இரை வைத்து, விடியலில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அகப்பட்டதை எடைபோட்டு, அளந்து, அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அட்டையும் மழையும் சூழ, பெரும்பாலான பொறிகள் வெறுமையாகவே இருக்கும் காலைகளை இப்படியே பல நூறு முறை கடக்க வேண்டும். யானையையோ புலியையோ ஆராய்பவருக்குக் கிடைக்கும் புகழில் நூறில் ஒரு பங்குகூட இதில் கிடைப்பதில்லை.

அரியது என்று கருதப்பட்ட மிளகு எலி, களக்காட்டின் நல்ல மழைக்காட்டில் அகப்படத்தான் செய்தது. ஆனால் தரைப்பொறிகளில் அல்ல, மரத்தில் வைத்த பொறிகளில். மரங்களின் தலைகள் ஒன்றையொன்று தொட்டு, இடைவெளியின்றி விதானம் தொடரும் இடங்களோடு அதன் வாழ்வு பின்னிக் கிடந்தது. மரப்பொந்தில் உறங்கி, கிளைவழியே நடந்து, கிளையிலேயே இரைதேடும் உயிருக்கு இரண்டு மரத்தலைகளுக்கு இடையே விழும் வெற்றிடம் ஒரு ஆற்றைப் போன்றது.

அதே காப்பகத்தில் கக்காச்சிப் பகுதியில் நெடுங்காலம் ஆய்வு நடத்திய கணேஷ், சௌபத்ரா தேவி இருவரும் வெடிபலா மரத்தின் பூக்களை நாடிவரும் பறக்காத பாலூட்டிகளைப் பற்றி 2000இல் எழுதினர். சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்குக்கும் முக்கிய உணவு தரும் மரம் இது. இரவில் அதன் பூக்களுக்கு வருவோரில் மிளகு எலியும் உண்டு. மிளகுத் தோட்டக்காரர் கண்ணுக்குத் திருடனாகப் பட்டது, காட்டின் கணக்கில் வேறு வரவில் வருகிறது. பின்னர் திருச்சூரை அடுத்த பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்த எலியின் பரவலும் வாழ்முறையும் ஆராயப்பட்டன. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் வரிசையில் வைத்துள்ளது.

புல்வெளியில் நட்ட சீகை

களக்காட்டுக்கும் முன்பே, 1994 முதல் நீலகிரி உச்சியில் இன்னொரு முனைவர் பட்ட ஆய்வு நடந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மாணவரான கார்த்திக் சங்கர், ராமன் சுகுமாரின் வழிகாட்டுதலில் சோலைக்காடுகளிலும் அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளிலும் பொறி வைத்தார். சோலையில் கறுப்பெலியும் மலை மூஞ்சூறுமே பெரும்பான்மை. புல்வெளியில் அகப்பட்ட எலிகள் வேறு இனங்கள். பார்வைக்கு ஒரே மலைமுகடு. ஆனால் சிற்றுயிர்களுக்கு அங்கே இரண்டு தனித்தனி நாடுகள்.

நீலகிரியின் வன நிர்வாக வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். ஆங்கிலேயர் காலம் தொட்டு, பின்னர் விடுதலை பெற்ற இந்தியாவிலும், புல்வெளி என்பது வெற்று நிலம் என்றே கருதப்பட்டது. அந்த நிலத்தில் சீகை, யூகலிப்டஸ், பைன் மரங்கள் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் நடப்பட்டன. தோல் பதனிடுவதற்குச் சீகைப் பட்டை, ரேயான் ஆலைக்குக் கூழ்மரம் என்று காரணங்கள் இருந்தன. காகிதத்தில் அது காடு வளர்ப்பு. புல்வெளியை நம்பிய உயிர்களுக்கோ அது இடப்பெயர்ச்சி. மரம் நடுவதால் எந்த உயிரும் கெட்டுப்போகாது என்று நம்பியவர்களிடம், நட்ட இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று எவரும் கேட்டிருக்கவில்லை.

பெரிய விலங்குகளை விடச் சிறு பாலூட்டிகள் இத்தகைய மாற்றங்களை ஏன் விரைவாகக் காட்டுகின்றன என்பதும் எளிதில் புரியக்கூடியதே. யானை ஒரு தோட்டத்தை இரவோடு இரவாகக் கடந்து போய்விடும். எலிக்கோ, அதன் வாழ்நாள் முழுவதும் ஒரு சில மரங்களின் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. தலைமுறையும் விரைவில் மாறும். ஆகவே மரம் வெட்டிய, அடிக்காட்டைக் கழித்த, நிழலைக் குறைத்த விளைவு இரண்டு மூன்று ஆண்டுகளில் பொறியில் தெரிந்துவிடும். ஒரு மாணவரின் ஆய்வுக் காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. காடு கெடும்போது சிறு பாலூட்டிகளின் மொத்த எண்ணிக்கை குறைய வேண்டும் என்பதில்லை. சில வேளை கூடவும் கூடும். எங்கும் வாழவல்ல இனங்கள் பெருகும். ஓரிடத்தை மட்டுமே நம்பிய இனங்கள் ஓசையின்றி மறையும். எத்தனை எலி என்று எண்ணினால் காடு நலம் என்றே தோன்றும். எந்த எலி என்று பார்த்தால்தான் உண்மை வெளிப்படும்.

அமெரிக்காவின் வடமேற்குக் கரையோரக் காடுகளில் இந்தக் கேள்வி அரசியல் புயலையே கிளப்பியது. அங்குள்ள புள்ளி ஆந்தை 1990இல் அழிவின் விளிம்பில் உள்ளவற்றுக்கான சட்டப் பாதுகாப்பைப் பெற்றது. 1994இல் கூட்டாட்சி அரசு முதுகாடுகளில் மரவெட்டைக் கடுமையாகக் குறைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த ஆந்தையின் முக்கிய இரை பறக்கும் அணில். அந்த அணிலோ, மரவேர்களோடு கூடிவாழும் நிலத்தடிக் காளான்களைத் தின்று அவற்றின் வித்துகளைக் காடெங்கும் பரப்புவது. மரங்களை இடைவெட்டுச் செய்த பகுதிகளில் அணில் குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டின. ஆந்தையைக் காக்க வேண்டுமெனில் அணிலையும், அணிலைக் காக்க வேண்டுமெனில் காளானையும் பார்க்க வேண்டியதாயிற்று. இந்தியாவில் புலிக்கு இத்தகைய ஆய்வுப் பின்புலம் ஓரளவு இருக்கிறது. காட்டின் அடித்தட்டுக்கு இல்லை.

சட்டத்தில் 'எலி' என்ற ஒற்றைச் சொல்

தில்லியில் எழுதப்பட்ட சட்டமும் மட்டாஞ்சேரிக் கிட்டங்கிக்காரரைப் போலத்தான் நெடுங்காலம் எலியைப் பார்த்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை, தீங்கு விளைவிப்பவை என்று சில உயிர்களைப் பட்டியலிட்டது. காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு சுண்டெலி, எலி என்ற இரண்டு பொதுச் சொற்களும் அதில் இருந்தன. எந்த இனம், எங்கே வாழ்வது என்ற பேதம் எதுவும் அதில் கிடையாது. நீலகிரியின் மலைமுகட்டில் மட்டும் வாழும் எலியும் கொச்சித் துறைமுகத்து எலியும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே. வௌவாலில் இந்தக் கோளாறு ஓரளவு திருத்தப்பட்டது. மேகமலையில் முதன்முதலில் பிடிபட்ட சலீம் அலி பழ வௌவால், அதன் அருமை உணரப்பட்டபின் முதல் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது. எலிகளுக்காக வாதாட அத்தகைய வலுவான குரல் எழவில்லை.

2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், அட்டவணைகளை ஆறிலிருந்து நான்காகக் குறைத்தது. தீங்குயிரிப் பட்டியல் தனி அட்டவணையாக இல்லாமற் போனது. எனினும் எந்தெந்த உயிர் தீங்கு விளைவிப்பது என்று அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் தொடர்கிறது. காட்டுப்பன்றியை அவ்வாறு அறிவிக்கக் கோரிக் கேரள அரசு திரும்பத் திரும்ப வலியுறுத்தி வந்துள்ளது. பயிரிழந்த விவசாயியின் துயரம் பொய்யல்ல. ஆயினும் ஒரு பெயரைப் பட்டியலில் சேர்ப்பதும் நீக்குவதும் களத்தில் திரட்டிய தரவின்படி நடந்ததா என்ற கேள்விக்கு எலியின் வரலாறு நல்ல விடை தரவில்லை.

இது காட்டு உயிர்களைப் பற்றிய கவலை மட்டுமன்று. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா பகுதியில் வெளிப்பட்ட குரங்குக் காய்ச்சலின் கிருமி உண்ணிகளிலும் காட்டு எலி, மூஞ்சூறு போன்ற சிறு பாலூட்டிகளிலும் சுழல்வது. காட்டை வெட்டி மாடு மேய்ச்சலுக்குத் திறந்துவிட்டதே அது மனிதரை எட்டக் காரணமாயிற்று என்ற கருத்து 1960களிலேயே முன்வைக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் கர்நாடகத்துக்குள் அடங்கியிருந்த அந்நோய் பின்னர் நீலகிரி, வயநாடு வரை பரவியது. 2015இல் வயநாட்டில் உயிரிழப்புகளும் நேர்ந்தன. பாதிக்கப்பட்டோரில் பலர் காட்டுக்குள் வேலைக்குச் சென்ற பழங்குடியினர். எந்தக் காட்டில் எந்த எலி பெருகுகிறது என்று அறிந்து வைப்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

ஏலமலையும் விதானமும்

மட்டாஞ்சேரி அரண்மனையில் இருந்து ஆண்ட கொச்சி மன்னர்களின் அரசுக்குக் காடு என்பது வருவாய். பரம்பிக்குளத்தின் தேக்கும் ஈட்டியும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலையிலிருந்து தனி டிராம் பாதையில் சாலக்குடிக்கு இறக்கப்பட்டு, அங்கிருந்து ரயிலில் துறைமுகத்துக்கு வந்தன. வெட்டிய இடங்களில் நட்ட தேக்குத் தோப்புகள் இன்றும் பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்துக்குள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வரைபடத்தில் அவையும் காடே.

மிளகின் கதை வேறு. 1957 முதல் மட்டாஞ்சேரியில் இயங்கிய இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கத்தின் முன்பேரக் கூடத்தில் கூவி முடிவான விலையை ஒரு காலத்தில் உலகச் சந்தையே கவனித்தது. பின்னர் வியட்நாம் முந்திக்கொண்டது, கூவலும் அடங்கியது. பஜார் சாலையின் கிட்டங்கிகளில் பல இன்று தேநீர்க் கூடங்களாகவும் கலைக் கண்காட்சி அரங்குகளாகவும் மாறிவிட்டன. எனினும் மிளகும் ஏலமும் விளையும் முறையில் ஒரு பழைய நன்மை இருந்தது. மிளகுக் கொடிக்குப் படர மரம் வேண்டும். ஏலத்துக்கு நிழல் வேண்டும். தேயிலையைப் போல் மலையை மொட்டையடித்துவிட்டு இவற்றைப் பயிரிட இயலாது. அதனாலேயே ஏலத்தோட்டம் என்பது காட்டைக் காக்கும் பயிர் என்ற எண்ணம் வேரூன்றியது.

மேலே பார்த்தால் அது உண்மை. கீழே பார்த்தால் பாதி உண்மை. ஏலத்துக்காக அடிக்காடு முழுவதும் கழிக்கப்படுகிறது. முதிய மரம் விழுந்தபின் அவ்விடத்தில் நிற்க வேண்டிய நாற்று வளரவிடப்படுவதில்லை. விளைச்சல் கூட நிழல் குறைக்கப்படுகிறது. பல இனக் காட்டு மரங்களுக்குப் பதிலாக விரைவில் வளரும் ஓரிரு இனங்கள் வருகின்றன. மரத்தலைகளுக்கிடையே வெளி விழுகிறது. பொந்துள்ள கிழட்டு மரம், தோட்டக் கணக்கில் பயனற்றது என்று முதலில் போகிறது. மிளகு எலிக்குத் தேவையான இரண்டும் இப்படித்தான் கழிகின்றன.

கொச்சியில் தலைமையகம் கொண்ட நறுமணப் பொருள் வாரியத்துக்கும் அயல்நாட்டு ஏற்றுமதிக்கும் முதுகெலும்பான இடுக்கி ஏலமலையின் நிலை என்ன? அது காடா, வருவாய் நிலமா என்பதே இன்னும் தீராத வழக்கு. 1897ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசின் அறிவிக்கையில் உள்ளது 15,720 ஏக்கர் மட்டுமே என்பது கேரள அரசின் நிலைப்பாடு. 2,15,720 ஏக்கர் என்பது வழக்குத் தொடுத்த சுற்றுச்சூழல் அமைப்பின் வாதம். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கே புதிய பட்டாக்கள் வழங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. பல தலைமுறையாகப் பயிர் செய்வோரும் தமிழகத்திலிருந்து தினந்தோறும் ஜீப்பில் ஏறிச் செல்லும் தொழிலாளரும் இந்த வழக்கின் முடிவில் தொக்கி நிற்கின்றனர். ஏக்கர் கணக்கில் இரு தரப்பும் மோதும்போது, அந்த நிலத்தில் காட்டின் தன்மை எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்ற கேள்வி ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடுகிறது.

தில்லியின் கணக்கு முறையும் அந்தக் கேள்விக்கு இடம் தருவதில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளிவரும் இந்திய வன நிலை அறிக்கை, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மரவிதானம் பத்து விழுக்காடு இருந்தாலே அதனை வனப்பரப்பு என்கிறது. நிலம் எவருடையது, மரம் எந்த இனம் என்பது பொருட்டல்ல. செயற்கைக்கோள் படத்தில் சீகைத் தோப்பும் சில்வர் ஓக் நிழலில் உள்ள காப்பித் தோட்டமும் பச்சையாகவே தெரியும். நாட்டின் நிலப்பரப்பில் வனமும் மரங்களும் சேர்ந்து 25.17 விழுக்காடு என்று 2023ஆம் ஆண்டு அறிக்கை பெருமிதத்தோடு அறிவித்தது. சாலைக்கும் சுரங்கத்துக்கும் கொடுத்த இயற்கைக் காட்டுக்கு ஈடாக வேறிடத்தில் மரம் நட 2016இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஒரு மழைக்காட்டை அழித்து வேறு மாவட்டத்தில் நாற்று நட்டால் கணக்கு நேராகிவிடும் என்ற அந்த ஏற்பாட்டில், கிளைவழி நடக்கும் ஓர் எலி எந்த வழியாக அந்த மாவட்டத்துக்குப் போகும் என்பதற்குப் பத்தி இல்லை.

எது காடு என்ற கேள்வியே நீலகிரியின் கூடலூர் மரவெட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்றதுதான். நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்று 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்திய மத்திய அரசு அந்தப் பொருளைச் சுருக்க முற்பட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பழைய விளக்கமே தொடர வேண்டும் என்று இடைக்கால ஆணை இட்டது.

அடுத்த சோதனை மஞ்சோலையில்

களக்காட்டில் பொறி வைத்த மாணவர்கள் தினமும் கடந்து சென்ற தேயிலைச் சரிவுகளை நெல்லை மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929 முதல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற மஞ்சோலை, கக்காச்சி, நாலுமுக்கு, ஊத்துத் தோட்டங்கள் அவை. கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் பேரணி சென்ற தொழிலாளரும் ஆதரவாளருமாகிய 17 பேர் தாமிரபரணியில் மாண்டனர். 2024இல் நிறுவனம் தோட்டத்தை மூடும் நடவடிக்கையைத் தொடங்கியது. தோட்டத்தை டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்ற மனுக்களை அந்த ஆண்டு டிசம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை தள்ளுபடி செய்தது. நான்கு தலைமுறை உழைத்தவர்களுக்கு நியாயமான மறுவாழ்வு கிடைத்ததா என்ற கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

அவர்கள் இறங்கிய மலையில் வனத்துறை என்ன செய்யப்போகிறது என்பது அதற்கு இணையான கேள்வி. தேயிலையை அப்படியே விட்டுவிட்டால் காடு தானே எழுமா, அல்லது லந்தானா போன்ற அயல் புதர்கள் மூடிக்கொள்ளுமா? ஆனைமலையின் வால்பாறையில் தோட்டங்களுக்கிடையே துண்டுதுண்டாக எஞ்சிய மழைக்காட்டை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல்வேறு காட்டு மர இனங்களை நட்டு மீட்டு வருகின்றனர். களக்காட்டில் மாணவியாக இருந்த திவ்யா முடப்பா அந்தப் பணியின் முன்னணியில் இருப்பவர்களுள் ஒருவர். நாற்றை நட்டு ஓடிவிடாமல் ஆண்டுக்கணக்கில் களையெடுத்துக் காக்க வேண்டும் என்பது அங்கே கிடைத்த பாடம்.

புலியை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நாடு முழுவதும் எண்ணுகிறோம். 2022 கணக்கில் 3,682. சிறு பாலூட்டிகளுக்கு அப்படி ஒரு தொடர் கணக்கெடுப்பு இல்லை. ஒரு மாணவர் வருகிறார், மூன்று ஆண்டு பொறி வைக்கிறார், பட்டம் பெற்றுச் செல்கிறார்; அந்த இடத்துக்குப் பொறியோடு மீண்டும் செல்ல எவருக்கும் நிதி இல்லை. கோவை சலீம் அலி மையமே 2023இல் டேராடூனின் இந்திய வனவுயிர் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. 1990களில் திரட்டிய எண்கள் மட்டும் ஆய்வேடுகளில் காத்திருக்கின்றன. மஞ்சோலைக்கு அருகிலேயே எடுக்கப்பட்டவை என்பதால், அத்தோட்டம் காடாகத் திரும்புகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவற்றைவிடச் சிறந்த அளவுகோல் கிடையாது. குத்தகை 2028இல் முடிகிறது. தேயிலைச் சரிவுகளில் இன்று எந்த உயிர் எங்கே இருக்கிறது என்ற முதல் கணக்கை எடுக்க அதற்குள் எஞ்சியிருப்பவை ஒரு சில பருவமழைகளே.